ஆட்டோமேட்டிக் கார் வாஷில் வீல் கழுவ எந்தக் கெமிக்கல் வாங்குவது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஆட்டோமேட்டிக் கார் வாஷ் போட நினைப்பவர்கள் மெஷினை நாலு இடத்தில் விசாரித்து வாங்குகிறார்கள். வீலுக்கு அடிக்கிற கெமிக்கலை மட்டும் "நல்லா ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கிவிடுகிறார்கள். கையால் கழுவுகிற ஆள் வீலைப் பார்த்து கெமிக்கலை மாற்றுவார், மெஷினுக்கு அது தெரியாது, வருகிற எல்லா வீலுக்கும் ஒரே சரக்கை ஒரே அளவில் அடிக்கும். அதனால் வரக்கூடிய வீல்களிலேயே எது சீக்கிரம் கெடுமோ, அதற்குத் தாங்குவதைத்தான் வாங்க வேண்டும்.

முதல் வேலை, என்ன வீல் வருகிறது என்று பாருங்கள். ஒரு முகூர்த்த நாளில் ரோட்டோரம் நின்றாலே தெரிந்துவிடும். பிளாஸ்டிக் கேப் போட்ட இரும்பு வீல், சில்வர் பெயிண்ட் அடித்த அலாய், முகப்பு பளபளவென்று கடைந்த டைமண்ட் கட், எப்போதாவது குரோம். டைமண்ட் கட்டில்தான் கவனம் வேண்டும். அலுமினியத்தைக் கடைந்து மேலே நிறமில்லாமல் மெல்லிசாக ஒரு பூச்சுதான் (கிளியர் கோட்) இருக்கும், கல் பட்டு அது பெயர்ந்த இடத்தில் கெமிக்கல் உள்ளே புகுந்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும்.

அப்புறம் அழுக்கு. நம் பக்கம் இரண்டு வகை. செம்மண் ஒன்று, அதற்குத் தண்ணீர் பிரஷரும் சோப்புத் தன்மையும் போதும். இன்னொன்று பிரேக் டஸ்ட். டிஸ்க்கும் பேடும் உரசும்போது இரும்புத் துகள் சூடாகப் பறந்து வீலில் ஒட்டி, ஈரம் பட்டதும் துருப்பிடிக்கும். முன் வீலில்தான் அதிகம். சின்னக் கார்கள் பலவற்றில் பின்னால் டிரம் பிரேக் என்பதால் தூசி பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும்.

இனி கெமிக்கல். ஆசிட் வகை வேகமாக வேலை செய்யும், அதனாலேயே விற்கிறது. அதில் ஹைட்ரோஃபுளூரிக் ஆசிட், அம்மோனியம் பைஃபுளூரைடு இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே எரியாமல் போகலாம், சில மணி நேரம் கழித்துத்தான் வலி வரும், அதற்குள் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துவிடும், அதிகமாகப் பட்டால் இதயம் வரை பாதிக்கும். உங்களிடம் வேலை செய்கிற பையனுக்கு இந்த ஆபத்து தேவையில்லை. விற்பவரிடம் பாதுகாப்புத் தகவல் தாள் கேளுங்கள், மூன்றாவது பகுதியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று இருக்கும். தாள் தரமாட்டேன் என்றால் அந்தக் கடையே வேண்டாம்.

அடுத்தது காரவகை, அதாவது ஆல்கலி. செம்மண்ணுக்கும் கிரீஸுக்கும் நல்லது. ஆனால் ஆசிட் இல்லை என்பதற்காகப் பத்திரம் என்று நினைக்க வேண்டாம், காஸ்டிக் சோடா அதிகமானால் அலுமினியம் அதிலும் கரையும். அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் அளவு சுமாராக 4 முதல் 9 வரை இருந்தால்தான் அலுமினியத்தின் மேல்தோல் தாக்குப்பிடிக்கும். உலோக அரிப்பை ஆராய்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953 முதல் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது, அங்கே படிக்கிற பிள்ளைகள் தெரிந்தவர்களாக இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, தயோகிளைக்கலேட் கலந்த அயர்ன் ரிமூவர். இரும்புத்தூள் பட்டதும் ஊதாவாக மாறும், நாற்றம் அடிக்கும், விலையும் கூட. வேலை செய்ய சில நிமிடம் கேட்கும், காரை இழுத்துக்கொண்டு ஓடுகிற கன்வேயரில் அந்த நேரம் கிடைக்காது. என்னைக் கேட்டால் மெஷினில் மிதமான காரவகை, பழுப்புப் புள்ளி பிடித்த வீலுக்கு மட்டும் கையால் அயர்ன் ரிமூவர் அடித்து, தனிக் கட்டணம் வாங்குங்கள்.

சரி, நேரத்தை அளப்போம். கெமிக்கல் நாசிலிலிருந்து பிரஷ் வரை 4 மீட்டர், கன்வேயர் நிமிடத்துக்கு 5 மீட்டர் என்றால் 48 விநாடி கிடைக்கும். அழுக்கு போகவில்லையா, நாசிலைப் பிரஷிலிருந்து இன்னும் தள்ளி, கார் நுழைகிற பக்கமாகப் போடுங்கள், கெமிக்கலைக் கூட்டாதீர்கள். பிஹெச் ஒரு எண் மாறினால் அமிலத் தன்மையோ காரத் தன்மையோ பத்து மடங்கு மாறுகிறது என்று அர்த்தம்.

தண்ணீரையும் சோதியுங்கள். காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீர் பேர்பெற்றது என்பதற்காக உங்கள் போர் தண்ணீரும் அப்படி இருக்காது. கடினத்தன்மை அதிகமானால் நுரை வராது, காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விழும். தண்ணீரில் கரைந்திருப்பதன் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது, லேபில் கொடுத்துப் பாருங்கள்.

வாங்கும் முன் காயலாங்கடையில் ஒரு பழைய அலாய் எடுத்து, லேபிளில் சொன்ன அளவில் கலந்து, வெயிலில் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அவ்வளவு நேரம் எதற்கு என்றால், கரண்ட் போய் கன்வேயர் பாதியில் நின்றால் கெமிக்கல் வீலிலேயே காயும். அந்தச் சோதனையில் கறை விழுந்த சரக்கு வேண்டாம். கரண்ட் இல்லாதபோது அடிக்க மேல்தொட்டியிலிருந்து ஒரு ஹோஸ் இழுத்து வையுங்கள். சித்திரை, வைகாசியில் வீல் கொதித்துக்கொண்டு வரும், கொஞ்சம் ஆறவிட்டு, வெறும் தண்ணீர் அடித்த பிறகே கெமிக்கல்.

கலக்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தண்ணீரில்தான் கெமிக்கலை ஊற்ற வேண்டும். பிளீச்சிங்கோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், இரண்டையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். கழுவிய தண்ணீர் ஊருணிப் பக்கம் போகாதபடி தொட்டி கட்டி, மண்ணும் எண்ணெயும் பிரித்த பிறகே வெளியே விட ஏற்பாடு செய்யுங்கள். ஓட ஆரம்பித்ததும் ஒரு கேன் எத்தனை காருக்கு வந்தது என்று எழுதி வைத்து வாருங்கள், திடீரென்று கூடினாலோ குறைந்தாலோ கெமிக்கலை அளந்து விடுகிற டோசிங் பம்பையும் நாசிலையும் கழற்றிப் பாருங்கள்.