வறண்ட பகுதியில் ஒரு நிலம் பயிர்த்தொழிலுக்கு ஏற்றதா என்று மதிப்பிடும் முறை

வறண்ட பகுதியில் நிலம் பார்க்கச் செல்வோர் பெரும்பாலும் மண்ணின் சத்தைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். சத்துக் குறைவை எருவும் உரமும் இட்டுச் சில ஆண்டுகளில் சரிசெய்துவிடலாம். மண்ணின் ஆழத்தையோ மழையின் அளவையோ அவ்வாறு கூட்ட இயலாது. ஆகவே மதிப்பீட்டை நீரிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

ஆண்டு மழையளவை, அவ்விடத்தில் ஆவியாதலாலும் பயிர் வழியாகவும் வெளியேறக்கூடிய நீரின் அளவால் வகுத்தால் வறட்சிக் குறியீடு கிடைக்கும். அது 0.20-க்குக் கீழே இருந்தால் வறண்ட நிலப்பரப்பு. அங்கே பாசனமோ, பிற இடத்திலிருந்து வழிந்துவரும் மழைநீரோ இல்லாமல் பயிர்த்தொழிலை நம்பி இறங்குவது சரியன்று. 0.20 முதல் 0.50 வரை ஓரளவு வறண்ட பரப்பு; மானாவாரிச் சாகுபடிக்கு இடமுண்டு.

சராசரி மழையளவு ஏமாற்றக்கூடியது. இரண்டு பெருமழை ஆண்டுகள் சேர்ந்தால் சராசரி உயர்ந்துவிடும். பயிருக்கோ அந்த ஆண்டின் மழைதான் கணக்கு. அருகிலுள்ள மழைமானி நிலையத்தின் 20 ஆண்டுப் பதிவுகளைப் பெற்று, மிகுதியிலிருந்து குறைவாக வரிசைப்படுத்தினால், பதினைந்தாவதாக வரும் அளவே ஏறத்தாழ நான்கில் மூன்று ஆண்டுகளில் எதிர்பார்க்கத்தக்க மழையாகும். திட்டத்தை அந்த அளவின் மேல் அமைக்க வேண்டும். பருவத்தின் நடுவே மழை எத்தனை நாள் விட்டுப்போகிறது என்பதையும் அதே பதிவுகளிலிருந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி, அந்த இடைவெளியை மண் தாங்குமா என்று பார்க்க வேண்டும். நிலத்தில் மேடு, சரிவு, தாழ்வு ஆகிய இடங்களிலும், நிறம் மாறும் இடங்களிலும் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, வேர் இறங்கக்கூடிய ஆழம் எவ்வளவு, பாறையோ இறுகிய சுண்ணாம்புப் படலமோ எங்கே குறுக்கிடுகிறது என்று அளக்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழ மண்ணில் பயிருக்குக் கிடைக்கும்படி தங்கும் ஈரம் மணல் மண்ணில் 25 முதல் 100 மில்லிமீட்டர், மணலும் வண்டலும் களியும் கலந்த மண்ணில் 100 முதல் 175, களிமண்ணில் 175 முதல் 250 என்ற அளவில் இருக்கும். கலப்பு மண் 40 சென்டிமீட்டர் ஆழமே இருந்தால் 40 முதல் 70 மில்லிமீட்டர்தான் தங்கும். வளர்ந்த பயிர் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் எடுத்துக்கொண்டால், அது 8 முதல் 14 நாளில் தீர்ந்துவிடும். கடைசிப் பகுதியை வேர் எளிதில் உறிஞ்ச முடியாது என்பதால், வாட்டம் அதற்கு முன்பே தொடங்கும். மழைப் பதிவுகளில் 20 நாள் இடைவெளி வழக்கமாக இருக்குமானால், எவ்வளவு செழிப்பாகத் தோன்றினாலும் அம்மண் அந்தப் பயிரைக் காப்பாற்றாது. இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே பல நிலங்களைப் பற்றிய முடிவு தெளிவாகிவிடும்.

அடுத்தது உப்பு. மண்ணை நீரால் நிறைவுறச் செய்து வடித்தெடுத்த சாற்றில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை (மின்கடத்துதிறன்) அளந்தால் உப்பின் அளவு தெரியும்; அது மீட்டருக்கு 4 டெசிசீமன்சுக்கு மேல் இருந்தால் உவர் நிலம். மண்துகள்களில் ஒட்டி நிற்கும், இடம் மாறக்கூடிய நேர்மின் அயனிகளில் சோடியத்தின் பங்கு (பரிமாற்றச் சோடியம்) 15 விழுக்காட்டைத் தாண்டினால் களர் நிலம். களரை அறிய எளிய வழி ஒன்றுண்டு: உலர்ந்த சிறு மண்கட்டியை மழைநீரில் கலக்காமல் இட்டு வைத்தால், அதைச் சுற்றி நீர் பால்போல் கலங்குவது சோடியம் மிகுந்திருப்பதற்கான அடையாளமாகும். இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது என்றாலும், எந்தக் குழியின் மண்ணை ஆய்வுக்கு அனுப்புவது என்று தேர்ந்தெடுக்க உதவும். உவர்ப்பைத் தாங்கும் திறன் பயிருக்குப் பயிர் பெரிதும் வேறுபடும்; மக்காச்சோளத்தின் விளைச்சல் 1.7 டெசிசீமன்சிலேயே சரியத் தொடங்க, பார்லி 8 வரை தாக்குப்பிடிக்கும்.

பாசனம் உண்டெனில் நீரையும் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். மின்கடத்துதிறன் 1 டெசிசீமன்ஸ் உள்ள நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கும். ஒரு பருவத்தில் 500 மில்லிமீட்டர் பாய்ச்சினால், ஹெக்டேருக்கு ஏறத்தாழ 3.2 டன் உப்பு நிலத்தில் சேரும். அதைக் கீழே கரைத்து வெளியேற்ற மழையும் வடிகாலும் இல்லாத நிலத்தில் பாசனமே காலப்போக்கில் மண்ணைக் கெடுத்துவிடும். கிணற்று நீர்மட்டத்தைக் கோடையின் இறுதியில் ஆண்டுதோறும் அளந்த பதிவு கிடைத்தால் மிகவும் நல்லது. அது தொடர்ந்து இறங்கிவருமானால், இன்று கிடைக்கும் நீரை நிலத்தின் தகுதியாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

சரிவு, காற்றரிப்பு, சந்தைக்குச் செல்லும் பாதை ஆகியவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். வரப்பு, தடுப்பு மரங்கள் போன்றவற்றால் முதல் இரண்டையும் பெருமளவு சமாளிக்கலாம்.

முடிவெடுக்க ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1976-இல் வெளியிட்ட வகைப்பாடு இன்றும் பயன்படுகிறது: மிகவும் ஏற்றது, ஓரளவு ஏற்றது, விளிம்பு நிலையில் ஏற்றது, ஏற்றதன்று. இதை நிலம் முழுமைக்கும் பொதுவாக இடாமல், பயிர்வாரியாகவும் குழிவாரியாகவும் தனித்தனியே இட வேண்டும். மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி காண்பதை நான் ஏற்பதில்லை. ஆழம், சரிவு, சத்து எல்லாம் நன்றாக இருந்து உப்பு மட்டும் அளவு மீறியிருந்தால், சராசரி அந்நிலத்தை நல்லதாகவே காட்டும். ஆனால் விதை முளைக்காது. எனவே மிக மோசமான கூறு எந்த வகையில் நிற்கிறதோ, அதையே அந்தப் பயிருக்கான நிலத்தின் வகையாகப் பதிவுசெய்து, அக்கூறைத் திருத்த இயலுமா, எவ்வளவு செலவாகும் என்பதை அதன் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.