வேட்பாளர் ஜெயிக்கத்தான் நிற்கிறாரா? கண்டுபிடிக்கச் சில வழிகள்

தேர்தல் வந்துவிட்டால் கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் வரைக்கும் டீக்கடைப் பேச்சு ஒன்றுதான்: யார் வருவார்? அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நிற்கிறாரே, இவர் ஜெயிக்கத்தான் நிற்கிறாரா? சித்திரை வெயிலில் கும்பிட்டுக்கொண்டே போகிற மனுஷன் தோற்கவா ஆசைப்படுவார் என்பீர்கள். வந்தால் வரட்டும் போனால் போகட்டும் என்று நிற்கிறவர், நின்றதே போதும் என்று நிற்கிறவர், இன்னொருவரைக் கவிழ்க்க நிற்கிறவர் என்று எல்லாத் தொகுதியிலும் ஆள் உண்டு. பூத் ஏஜென்டாக உட்கார்ந்த பழக்கத்தில் நான் கவனிக்கிற அடையாளங்களை எழுதுகிறேன். கட்சி எதுவானாலும் பொருந்தும்.

முதலில் பட்டியலைக் கழியுங்கள். பெரிய கட்சிக்காரர் மனுப் போடும்போதே மனைவியோ மகனோ மாற்று வேட்பாளராக ஒரு மனுப் போடுவார்கள். அசல் மனு பரிசீலனையில் தேறியதும் அதற்கு வேலை முடிந்தது, அதில் சூது ஒன்றும் இல்லை. அப்புறம் பெயர்க் குழப்பத்துக்கு இறக்கப்படுகிறவர்கள். 2024-ல் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது பன்னீர்செல்வம் என்ற பெயரில் இன்னும் ஐந்து பேர் மனுப் போட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டியது டம்மி சுயேச்சையை. சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவு காட்ட முடியாது, மக்களவைக்கு 95 லட்சம். ஆனால் சுயேச்சைக்கும் தனியாக வண்டி அனுமதி உண்டு, ஒவ்வொரு பூத்திலும் ஏஜென்ட் உண்டு, எண்ணிக்கை அறையிலும் ஆள் உண்டு. இப்படி இரண்டு மூன்று சுயேச்சைகளைப் பெரிய வேட்பாளர் ஒருவர் கைக்குள் வைத்துக்கொண்டால் அவர்கள் வண்டி இவருக்கு ஓடும், செலவு இவர் கணக்கில் ஏறாது, அவர்கள் ஏஜென்ட் இவர் ஆளாக உட்கார்ந்திருப்பார். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்கு அந்தத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேர் யார் என்று ஊரில் விசாரியுங்கள். பாதிக்கு மேல் ஒரே கட்சியின் ஒரே கிளைக்காரர்களாக இருந்தால் விஷயம் முடிந்தது.

ஜெயிக்க நிற்கவில்லை என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டே நிற்கிறவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நமக்குத் தண்ணீர் திறக்கிற மேட்டூரில்தான் பத்மராஜன் இருக்கிறார், 1988-லிருந்து 200 தேர்தலுக்கு மேல் நின்று தோற்றவர், தோல்விதான் அவர் சாதனை. 1996-ல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறையைக் கவனிக்க வைக்கக் கூட்டம் கூட்டமாக மனுப் போட்டு, மொத்தம் 1,033 பேர் களத்தில் நின்றார்கள், வாக்குச்சீட்டே புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. அப்போது கட்டுத்தொகை வெறும் 250 ரூபாய். அதற்கப்புறம்தான் 5,000 ஆக்கி, இப்போது 10,000-த்தில் நிற்கிறது, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அந்தப் பணம் போச்சு. ஆனால் டெபாசிட் போனவரெல்லாம் அக்கறை இல்லாதவர் என்று நினைக்காதீர்கள். மாநிலம் முழுக்க 8 சதவீத ஓட்டு வாங்கினால் ஒரு சீட் இல்லாமலும் மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைக்கும். 2024-ல் நாம் தமிழர் கட்சி அப்படித்தான் அந்தக் கோட்டைத் தாண்டியது. சதவீதத்துக்கு நிற்கிற கட்சியின் வேட்பாளர் உயிரைக் கொடுத்து உழைப்பார், அந்த உழைப்பு கட்சிக்கு, தொகுதிக்கு இல்லை. அவர் கடைத்தெரு கடைத்தெருவாகப் பேசிக்கொண்டே போவார், எந்த ஊரில் எத்தனை ஓட்டு குறைகிறது என்று கேட்கவே மாட்டார்.

இப்போது மீதி இருக்கிற மூன்று நான்கு பேருக்கு வருவோம். இங்கேதான் சுவாரசியம்.

வேட்பாளர் பட்டியல் வெளியான அன்று ராத்திரி அவர் எங்கே போகிறார் என்று பாருங்கள். பட்டாசு, சால்வை, தலைவர் சிலைக்கு மாலை எல்லாம் மறுநாள் பேப்பரில் வந்துவிடும், அதை விடுங்கள். விருப்ப மனுக் கொடுத்து, சென்னையில் நேர்காணலுக்கும் போய்வந்து, சீட் கிடைக்காமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒன்றியச் செயலாளர் ஒருவர் கண்டிப்பாக இருப்பார். ஜெயிக்க நினைக்கிறவர் முதல் ராத்திரியே அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவார். உள்ளே அரை மணி நேரம் திட்டு வாங்குவார். "நீங்க இல்லாம நான் எப்படிண்ணே" என்று சொல்லி அந்த அண்ணனையே தேர்தல் பணிக்குழுவில் முன்னால் உட்கார வைப்பார். இதைச் செய்யாமல், கட்சி தலைமை சொன்னால் அவன் வேலை செய்துதானே ஆகணும் என்று இருக்கிறவரின் கதை எனக்குத் தெரிந்து ஒரே மாதிரிதான் முடியும். அந்த ஒன்றியத்தில் கொடி கட்டியிருக்கும், மைக் கட்டியிருக்கும், ஓட்டு மட்டும் விழுந்திருக்காது. உள்ளடி வேலைக்கு எதிர்க்கட்சி தேவையே இல்லை.

கூட்டணிக்குப் போன சீட் என்றால் இது இன்னும் இரண்டு மடங்கு. டெல்டாவில் திருத்துறைப்பூண்டி, கீழ்வேளூர் மாதிரித் தொகுதிகள் பல தடவை கூட்டணிக் கட்சிக்குப் போயிருக்கின்றன, கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கு அங்கே சொந்தமாகவே வேர் இருக்கிறது, உண்டியல் குலுக்கியே தேர்தல் நடத்துகிற ஆட்கள். வேர் இல்லாத ஊரில் கூட்டணி வேட்பாளர் வந்து இறங்கினால், பெரிய கட்சியின் கிளைச் செயலாளர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கு எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணுங்கள். மனுப் போடுகிற நாள் வரைக்கும் "இவர் யாரு தம்பி?" என்று பக்கத்து ஆளைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர் சீட் வாங்கியதோடு திருப்தி அடைந்துவிட்டார்.

அடுத்தது வாக்காளர் பட்டியல். வேட்பாளரின் தேர்தல் அலுவலகத்துக்குள் ஒரு நடை போய்ப் பாருங்கள், டீ வாங்கித் தருவார்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். பட்டியல் கட்டுப் பிரிக்காமல் மூலையில் கிடக்கிறதா, பென்சில் குறியோடு மேசைமேல் இருக்கிறதா? நான் பார்த்த ஒரு நல்ல அலுவலகத்தில் தெருவுக்கு ஒரு பக்கம், பெயருக்கு நேராகச் சின்னச் சின்ன எழுத்துகள்: "தி" என்றால் திருப்பூர், "செ" என்றால் சென்னை, "வெ" என்றால் வெளிநாடு, இறந்தவருக்கு ஒரு கோடு. நம் பக்கத்தில் இளவட்டங்களில் பெரும்பகுதி பனியன் கம்பெனியிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் கிடக்கும்போது, இந்தப் பென்சில் குறி இல்லாமல் ஓட்டுக் கணக்குப் போடுவது வெறும் பேச்சு. அந்த அலுவலகத்தில் திருப்பூர்க்காரர்களுக்குப் போன் போடுவதற்கென்றே இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். (பஸ்ஸோ வேனோ வாடகைக்குப் பிடித்து வாக்காளர்களை வாக்குச்சாவடிக்கு ஏற்றி இறக்குவது சட்டப்படி முறைகேடு, போன் போட்டுக் கூப்பிடலாம்.) இன்னும் முன்னால் போனால், பட்டியல் திருத்தம் நடக்கிற மாதங்களில் பெயர் சேர்க்கிற படிவம் 6-ஐத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தது யார் ஆட்கள் என்று யோசித்துப் பாருங்கள். தேர்தலுக்கு நாலு மாதம் முன்பே விடை கிடைத்துவிடும்.

பிரசாரத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டத்தையும் ஆரத்தித் தட்டையும் எண்ணாதீர்கள், தட்டுக்குப் பணம் விழுகிற இடத்தில் தட்டு அதிகமாகத்தான் இருக்கும். நேரத்தைப் பாருங்கள். காலை பதினொரு மணிக்குத் திறந்த வண்டியில் தெருவுக்குள் வருகிறவர் யாரைப் பார்க்க வருகிறார்? பெண்கள் நூறு நாள் வேலையில் இருப்பார்கள், ஆண்கள் உளுந்துக் களத்திலோ டவுனிலோ இருப்பார்கள், திண்ணையில் ஒரு தாத்தா இருப்பார். ஓட்டு வேண்டுமென்கிறவர் காலை ஏழு மணிக்கு வந்து எட்டரைக்குள் கிளம்பிவிடுவார், மறுபடி சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான்.

பாதையையும் பாருங்கள். சொந்த ஊர், சொந்தச் சாதித் தெரு, மாமனார் ஊர் என்றே சுற்றிக்கொண்டிருக்கிறவருக்கு வேறு கணக்கு இருக்கிறது, அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் ஒன்றியத் தலைவர் ஆவதோ, சங்கத்தில் பெரிய ஆள் ஆவதோ. ஊருக்கு வந்து குடியானத் தெருவோடு திரும்பி, காலனிக்குள் வண்டியை விடாமலே போகிறவர் இன்னும் இருக்கிறார்கள், அந்த ஊரில் பாதி ஓட்டு அங்கே இருக்கும்போதும். இதில் சாதித் திமிர் ஒரு பக்கம், ஜெயிப்பதில் ஆர்வமின்மை இன்னொரு பக்கம்.

பேச்சில் ஒரே ஒரு சோதனை போதும். "காவிரி உரிமையை மீட்போம்" என்று எல்லா ஊரிலும் சொல்லலாம், எவரும் சொல்லலாம். ஜூன் 12 மேட்டூர் திறப்பு, கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம், இதெல்லாம் எழுதிக்கொடுத்தால் யாரும் படித்துவிடலாம். கடைமடையில் வந்து, உங்கள் ஊர் வடிகாலின் பெயரைச் சொல்லி, அது எந்த மதகுக்குக் கீழே வெங்காயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது என்று சொல்கிறாரா? அப்படியானால் அவர் ஊருக்கு வருமுன் யாரையோ விசாரித்திருக்கிறார். கஜா புயலில் தென்னையை இழந்த பேராவூரணிப் பக்கத்தில் வந்து தென்னை என்ற வார்த்தையே வாயில் வராமல் ஒருவர் பேசிவிட்டுப் போனால், வண்டி எந்த ஊருக்கு வந்திருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை.

பணம். இதில்தான் எல்லோரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். "காசு இறக்கலையே, அப்ப விட்டுட்டாரு" என்பது நம் ஊர்த் தீர்ப்பு. ஓட்டுக்குக் கொடுப்பதும் குற்றம் வாங்குவதும் குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 2016 மே மாதம் பணப் பட்டுவாடாவால்தான் தஞ்சாவூர்த் தொகுதியிலும் அரவக்குறிச்சியிலும் தேர்தலை நிறுத்தி, நவம்பரில் மறுபடி நடத்தினார்கள். கொட்டுகிற பணத்தை வைத்து வேட்பாளர் மனசை எடை போட முடியாது. கட்சி கொடுக்கிறது, ஒப்பந்தக்காரர் கொடுக்கிறார், அவர் கையில் தங்குவதே பாதி என்றும் நடக்கும். தேர்தல் முடிந்ததும் புதுக் கார் வாங்குகிற தோற்ற வேட்பாளரைப் பார்த்திருப்பீர்கள். நான் பார்ப்பது நேர்மையான சின்னச் செலவுகளை. பூத் கமிட்டிக்குச் சாப்பாட்டுக் காசு வந்ததா, சுவர் எழுதியவருக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா, மைக் செட்காரர் பாக்கி கேட்டு அலைகிறாரா? கடைசி வாரத்தில் மைக் செட் வாடகை நின்றுபோய் வண்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தால், ஏதோ பேச்சு முடிந்துவிட்டது, அல்லது ஆள் மனசு விட்டுவிட்டார்.

கடைசிச் சோதனை வாக்குப்பதிவு அன்று விடியற்காலையில், இதற்கு நீங்கள் தூக்கத்தைக் கொஞ்சம் விட வேண்டும். ஏழு மணிக்குப் பதிவு என்றால் ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு தொடங்கிவிடும். ஏஜென்டுகள் முன்னால் குறைந்தது 50 ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, அதை அழித்து, யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டில் அச்சடிக்கிற விவிபாட் பெட்டியிலிருந்த சீட்டுகளை எடுத்து, சீல் வைப்பார்கள். ஜெயிக்க நிற்கிறவரின் ஏஜென்ட் ஐந்தேகாலுக்கே நியமனப் படிவத்தோடு பள்ளிக்கூட வாசலில் நிற்பார். கையில் பட்டியல், பேனா, இயந்திர எண்ணைக் குறிக்க ஒரு துண்டுத் தாள். மற்றவரின் ஏஜென்ட் ஏழே காலுக்குத் தலை சீவிக்கொண்டு வருவார். அவரைத் திட்டாதீர்கள், முதல் நாள் ராத்திரி பத்து மணிக்குத்தான் அவரிடம் சொல்லியிருப்பார்கள்.

மதியம் சாப்பாடு இன்னொரு அடையாளம். பன்னிரண்டரைக்குத் தயிர்சாதப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் வந்துவிட்டால் அந்த வேட்பாளருக்குப் பின்னால் ஓர் அமைப்பு உயிரோடு இருக்கிறது. இரண்டு மணி வரை ஒன்றும் வராமல், எதிர்க்கட்சி ஏஜென்ட் தன் பொட்டலத்தில் பாதியைப் பிரித்துக் கொடுத்த காட்சியை நம் ஊரில் பார்க்கலாம், மனுஷத்தன்மைக்குக் குறைவில்லை. மூன்று மணிக்கு மேல் யார் இன்னும் போடவில்லை என்று கணக்குப் பார்த்து, 100 மீட்டருக்கு அப்பால் மேசை போட்டிருக்கிறவர்கள் வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவார்கள். தோற்கத் துணிந்தவரின் மேசையில் அந்நேரம் ஒருவர் செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார்.

பதிவு முடிந்ததும் மொத்த ஓட்டு எத்தனை என்று எழுதி வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கையெழுத்துப் போட்ட 17சி படிவத்தின் நகலை ஏஜென்ட் வாங்க வேண்டும். எல்லா பூத்தின் 17சி-யும் அன்று ராத்திரியே ஒரு கோப்பில் சேர்கிறதா என்று கேளுங்கள். 2021-ல் ஏப்ரல் 6 பதிவு, மே 2-ல்தான் எண்ணிக்கை. இடையில் இயந்திரம் வைத்த கல்லூரி வாசலில் முறை போட்டுக் காவல் இருக்க யார் ஆள் அனுப்பினார், முதல் வாரத்தோடு யார் கழன்றுகொண்டார் என்பதும் தெரியும்.

எல்லாம் முடிந்து உங்களுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், பூத் வாரியான ஓட்டுக் கணக்கைத் தேர்தல் ஆணையம் படிவம் 20 என்ற பெயரில் வெளியிடும், தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் உங்கள் தொகுதியைத் தேடி இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் பூத் வரிசையில் அந்த டம்மி சுயேச்சைக்கு நேராக எத்தனை போட்டிருக்கிறது என்று பாருங்கள். அவருக்கு ஏஜென்டாகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தவர் உங்கள் தெருக்காரர், அதே பூத் வாக்காளர், ஓட்டும் போட்டார், விரலில் மையும் இருந்தது. கட்டத்தில் பூஜ்யம் என்றிருக்கும்.