லூச்சோ தல்லாவை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

தேடும்போது முழுப்பெயரையும் போடுங்கள். வெறும் லூச்சோ என்று போட்டால் லூச்சோ பத்தீஸ்தியும் வந்து நிற்பார். தல்லா பிறந்தது 1943 மார்ச் 4, பத்தீஸ்தி மறுநாள். இரண்டு பேருமே இத்தாலியில் பெரிய பாடகர்கள். நான் ஒரு வாரம் இருவரையும் ஒரே ஆள் என்று நினைத்து, 'பாட்டுக்குப் பாட்டு குரலை எப்படி இப்படி மாற்றுகிறார்!' என்று வியந்துகொண்டிருந்தேன்.

அப்புறம், தல்லாவின் மிகப் பிரபலமான பாட்டான 'கரூசோ'வில் தொடங்காதீர்கள். எல்லோரும் அதில்தான் தொடங்குவார்கள், நானும்தான். அதை ஓபரா பாடகர் பவரொட்டி பாடிக் கேட்டுவிட்டு, தல்லாவும் அப்படி ஒரு மணிக்குரல்காரர் என்று நம்பிப் போனேன். கரகரப்பும் குறும்புமாக வேறு யாரோ பாடிக்கொண்டிருந்தார். ஏமாற்றத்தில் இரண்டு வருடம் அவர் பக்கமே போகவில்லை.

1979இல் வந்த 'லூச்சோ தல்லா', 1980இல் வந்த 'தல்லா' ஆகிய இரண்டு ஆல்பங்களையும் முதலில் எடுங்கள். முதல் தடவை பாடல் வரிகளைத் தேடாதீர்கள். சொற்கள் தீர்ந்த பிறகும் அவர் பொருளில்லாத அசைகளைப் போட்டு மேலும் கீழும் ஓடிக்கொண்டிருப்பார். அதைக் கவனியுங்கள். அவர் அடிப்படையில் கிளாரினெட் என்ற ஊதுகருவிக்காரர். பத்து வயதில் கைக்கு வந்த கருவி அது. இளைஞனாக, வட இத்தாலியில் உள்ள சொந்த ஊரான பொலோஞாவில் ஒரு ஜாஸ் குழுவில் வாசித்தார். அதே குழுவில் கிளாரினெட் வாசித்த பூப்பி அவாத்தி, இவர் வந்து சேர்ந்ததும் தனக்கு இனி இடமில்லை என்று இசையை விட்டு, பிற்பாடு சினிமா இயக்குநர் ஆனார். அந்தக் கருவிதான் தல்லாவின் தொண்டையில் உட்கார்ந்திருக்கிறது. இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் தடவை வரிகளின் மொழிபெயர்ப்போடு கேளுங்கள். 'லான்னோ கெ வெர்ரா' (வரப்போகும் ஆண்டு) நல்ல தொடக்கம். தொலைவில் இருக்கும் நண்பனுக்கு எழுதும் கடிதம் அது. வாக்கியங்கள் எளிமை. புது வருடம் எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று டிவி சொன்னதாகக் கடிதம் போகும். நான் முதலில் அதை நம்பிக்கைப் பாட்டு என்றே எடுத்துக்கொண்டேன். நாலாவது தடவைதான் கேலி உறைத்தது. அதற்கடுத்து 'ஃபுத்தூரா'. சுவர் பிரித்த பெர்லினில் ஒரு காதல் ஜோடி, இன்னும் பிறக்காத மகளுக்குப் பெயர் வைக்கிறது. மெதுவாகத் தொடங்கிப் போகப்போக வேகமெடுக்கும். சத்தத்தை முதலிலேயே ஏற்றி வைக்காதீர்கள்.

சரி, இப்போது பின்னோக்கிப் போகலாம். 1971இல் சான்ரேமோ என்ற இத்தாலியப் பாட்டுப் போட்டி விழாவில் மூன்றாம் இடம் பெற்ற பாட்டின் தலைப்பே அவருடைய பிறந்த தேதிதான். ஆனால் அது அவர் கதையில்லை. வரிகள் பாவோலா பல்லொத்தீனோ எழுதியவை. 'குழந்தை இயேசு' என்ற முதல் தலைப்பு தணிக்கையில் மாட்டியதால் தேதியை வைத்தார்கள். அடுத்து கவிஞர் ரொபெர்த்தோ ரொவெர்சியோடு மூன்று ஆல்பங்கள். கனமான சரக்கு. கடைசி ஆல்பமான 'ஆட்டோமோபிலி'யை (1976) நான் இன்றுவரை ஒரே மூச்சில் கேட்டதில்லை. அவசரமில்லை, விட்டுவைக்கலாம். ஆனால் உடனே 1977இன் 'கோமே ப்ரொஃபோந்தோ இல் மாரே'யைப் போடுங்கள். 34 வயதில், முதன்முறையாக முழு ஆல்பத்துக்கும் தானே வரிகள் எழுதினார். வித்தியாசம் காதிலேயே தெரியும்.

1990இன் 'அத்தென்தி அல் லூப்போ' பெரிய ஹிட். எழுதியது ரான் என்ற இன்னொரு பாடகர். ஒரு தடவை கேட்டால் போதும் என்பது என் கட்சி.

கடைசியாக 'கரூசோ', 1986. நேப்பிள்ஸ் அருகே சொரெந்தோ பக்கம் படகு பழுதாகி, ஓபரா பாடகர் என்ரிக்கோ கரூசோ ஒருகாலத்தில் தங்கிய ஹோட்டல் அறையில் தங்க நேர்ந்தபோது பிறந்த பாட்டு. சரணம் இத்தாலியம், பல்லவி தெற்கே நேப்பிள்ஸ் நகரத்துப் பேச்சு. வடக்கத்திக்காரர் அந்த இடத்தில் நாக்கை மாற்றிக்கொள்வதைக் கேளுங்கள். அதன் பிறகு பவரொட்டியை வையுங்கள். தல்லா எக்கித் தொடும் உயரத்தில் அவர் சாவகாசமாக நிற்பார். எனக்கு எக்குவதுதான் பிடித்திருக்கிறது.