நின்ற கார் மறுபடி ஓடுவதற்குள்

ஓடும்போதே அணைந்து, கால் மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும் பழைய காரைச் சரியான பிறகு பட்டறைக்குக் கொண்டுபோவதுதான் முதல் தவறு. மெக்கானிக்கின் முன்னால் அது சமர்த்தாக உறுமிக்கொண்டு நிற்கும். கோளாறு தெரிவது வண்டி செத்துக் கிடக்கும் அந்தக் கால் மணி நேரத்தில் மட்டும்தான்.

என்னுடையது கார்புரேட்டர் காலத்துச் சிறிய கார். நாகர்கோவிலில் புறப்பட்டால் வில்லுக்குறி தாண்டி, தக்கலைக்கு முன்னால் எங்காவது இழுவை குறைந்து, இரண்டு முறை திணறி நின்றுவிடும். பெட்ரோல் பம்ப், பிளக், பிளக்கில் பொறி வர மின்சாரம் தரும் காயில் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது. உண்மையில் அந்த வாரம் நான் ஊருக்குள்ளேயே இருக்கும் வடசேரிச் சந்தையைத் தாண்டிப் போகவில்லை, அவ்வளவுதான். மறுபடி நின்றபோது பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தேன். ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருந்தது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வராவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகும். புதுப் பம்பாலும் உறிஞ்ச முடியாது. டேங்க் நிறைய இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மூடியின் விலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எப்படி நின்றது என்பதைக் கவனிக்காமல் விடுவது அடுத்த தவறு. திணறித் திணறி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் வரத்து. சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரம். நின்றவுடன் ஒரு பிளக் வயரைக் கழற்றி, கையிருப்புப் பிளக்கை மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினைத் தொடும்படி வைத்து, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பிளக்கில் பொறி வருகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் மட்டும் இதைச் செய்யவே கூடாது. பொறி இல்லையென்றால் காயில் பக்கம் சந்தேகம் போகட்டும். சூடேறினால் செயலிழந்து, ஆறினால் பிழைத்துக்கொள்வது பழைய காயில்களின் வழக்கம். சூடான பாகத்தை ஆறவைக்க ஈரத்துணி வைத்தியம் செய்பவர்கள் காயில் மேலும் பம்ப் மேலும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். வண்டி கிளம்பும், எதனால் கிளம்பியது என்று தெரியாது.

அணைகிறதே என்று ஐட்லிங் திருகை, அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை, ஏற்றிவைப்பதும் கூடாது. நோய் அப்படியே இருக்க, பெட்ரோல் செலவுதான் கூடும்.

நம் மாவட்டத்துக்கே உரிய சந்தேகங்கள் இரண்டு. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு, எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் போல்ட்டுக்கு அடியில் துருப்பிடித்திருக்கும். கழற்றித் தேய்க்காமல் ‘பார்த்தாயிற்று’ என்று சொல்லக் கூடாது. ஜூனிலும் ஐப்பசியிலும் இருமுறை மழை பெறும் ஊர் இது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் இறங்கும். இரவில் எஞ்சினை ஓடவிட்டு, விளக்கில்லாமல் பானெட்டைத் திறந்து, கையை உள்ளே விடாமல் பாருங்கள்: வயரில் கசிவு இருந்தால் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

சாலையில் ஓடும்போது நின்றுவிட்டால் சாவியை உருவாதீர்கள்; ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம். பிரேக் அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் உள்ள வண்டியில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள்.

சாவி என்றதும் நினைவுக்கு வருகிறது. வண்டியை நிறுத்திவைத்து, எஞ்சின் ஓடும்போது சாவியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். அணைந்தால் இக்னிஷன் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. வீட்டுச் சாவி, பீரோ சாவி, கடைச் சாவி எல்லாம் அதே வளையத்தில்தானே தொங்குகின்றன?