மெயின்ஃபிரேம் லினக்ஸில் நெட்வொர்க் இழுக்கிறதா? முதலில் பஃபரைப் பாருங்கள்

இசட்/விஎம்மில் (ஒரே மெயின்ஃபிரேமில் பல மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள்) கெஸ்டாக, அதாவது அப்படி ஒரு மெய்நிகர் இயந்திரமாக ஓடும் எங்கள் லினக்ஸில் ராத்திரி பேக்கப் மட்டும் ஊர்ந்தது. சிபியு சும்மா, டிஸ்க்கும் சும்மா. கடைசியில் சிக்கியது க்யூஇத் என்ற நெட்வொர்க் டிரைவரின் ‘பஃபர் கவுண்ட்’, அதாவது வரும் தரவை வாங்கி வைக்கும் நினைவகத் துண்டுகளின் எண்ணிக்கை.

முதலில் அளந்துகொள்ளுங்கள். எஸ்சிபியில் ஃபைல் அனுப்பி அளக்காதீர்கள், என்க்ரிப்ஷனுக்கே பாதி நேரம் போய்விடும். நெட்வொர்க் வேகத்தை மட்டும் அளக்கும் ஐபெர்ஃப்3 போதும்; ஒரு ஸ்ட்ரீமில் ஒருமுறை, நாலு ஸ்ட்ரீமில் ஒருமுறை.

அடுத்து, ‘எல்எஸ்-க்யூஇத்’ கட்டளையில் பஃபர் கவுண்ட்டைப் பாருங்கள். ஓஎஸ்ஏ கார்டுக்கு (மெயின்ஃபிரேமின் நெட்வொர்க் கார்டு) இயல்பாக 64 இருக்கும். அதை 128 ஆக்க வேண்டும். ஒரு பஃபர் 64 கேபி, ஆக மொத்தம் 8 எம்பி. ஒரு கெஸ்டுக்கு இது ஒன்றுமில்லை. இருநூறு கெஸ்ட் இருந்தால் கணக்குப் போட்டுவிட்டுத் தொடுங்கள்.

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். கார்டு ஆஃப்லைனில் இருந்தால்தான் இந்த எண் மாறும். நான் எஸ்எஸ்எச்சில் உட்கார்ந்துகொண்டே கார்டின் ‘ஆன்லைன்’ ஃபைலில் 0 எழுதி அதை ஆஃப்லைன் ஆக்கினேன். உட்கார்ந்திருந்த கிளையையே வெட்டியாயிற்று, திரை அப்படியே உறைந்துவிட்டது.

அதனால் நெட்வொர்க் கார்டை நம்பாத 3270 கன்சோலில் (மெயின்ஃபிரேம் டெர்மினல்) கெஸ்டாக லாகான் செய்யுங்கள். வலது கீழ் மூலையில் ‘சிபி ரீட்’ (சிபி என்பது இசட்/விஎம்மின் கட்டுப்பாட்டு நிரல்) என்று தெரிந்தால் கெஸ்ட் நின்றுபோய்க் காத்திருக்கிறது என்று அர்த்தம். ‘பிகின்’ அடித்தால் ஓடும். பிறகு ‘ஆன்லைன்’ ஃபைலில் 0, பஃபர் கவுண்ட்டில் 128, மறுபடி ‘ஆன்லைன்’ ஃபைலில் 1 என்று வரிசையாக எழுதுங்கள். வெளியேறும்போது ‘#சிபி டிஸ்க்’ (டிஸ்கனெக்ட்; கெஸ்ட் ஓடிக்கொண்டே இருக்கும்). கை பழக்கத்தில் ‘லாகாஃப்’ அடித்தால் கெஸ்டே போச்சு! ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்க ‘சிஎச்-இசட்தேவ்’ கட்டளையில் பெர்சிஸ்டன்ட்டாகப் பதியுங்கள். ரீபூட் செய்ய நேரம் இருந்தால் இது மட்டுமே போதும், கன்சோல் வம்பே வேண்டாம்.

பிறகு எம்டியு, அதாவது ஒரே பாக்கெட்டில் அனுப்பக்கூடிய அதிகபட்ச பைட். ஓஎஸ்ஏவில் 8992 வரை போகலாம், ஆனால் வழியில் இருக்கும் ஸ்விட்ச், எதிர்முனை எல்லாமே ஒத்துவர வேண்டும். துண்டாக்கக் கூடாது என்று சொல்லி 8964 பைட் (8992இல் ஹெடருக்கான 28 போக மீதி) பிங் அனுப்புங்கள். சின்ன பிங் போகிறது, எஸ்எஸ்எச் வருகிறது, பெரிய ஃபைல் மட்டும் தொங்குகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பின்சேர்க்கை: ஹைப்பர்சாக்கெட்ஸில் (ஒரே மெயின்ஃபிரேமுக்குள் ஓடும் உள் நெட்வொர்க்) 8192க்கு மேல் எம்டியு ஏறவில்லை என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். லினக்ஸில் எவ்வளவு தட்டினாலும் ஏறாது. சேனலின் ஃப்ரேம் அளவு 16 கேபியாக இருந்தால் உச்சவரம்பே 8192தான். 57344 வேண்டுமென்றால் ஐஓ கான்ஃபிகரேஷனில் அதை 64 கேபி ஆக்கச் சொல்லி சிஸ்டம் புரோகிராமரிடம்தான் போய் நிற்க வேண்டும்.