வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை: பழுது எந்தப் பக்கம் என்று அறிவது எப்படி

“வைஃபை வேலை செய்யவில்லை” என்று வீட்டில் ஒருவர் சொல்லும்போது, அது இரண்டு வெவ்வேறு கோளாறுகளில் எதுவாகவும் இருக்கலாம். கைபேசிக்கும் ரவுட்டருக்கும் இடையே காற்றில் செல்லும் ரேடியோ அலையே வைஃபை. ரவுட்டரிலிருந்து சேவை நிறுவனம் வரை கண்ணாடி இழையிலோ செம்புக் கம்பியிலோ செல்வது இணைய இணைப்பு. இவற்றில் ஒன்று நன்றாக இருக்கும்போதே மற்றொன்று அறுந்துபோகலாம். திரையில் வைஃபை குறி முழுதாகத் தெரிவதற்கும் இணையம் வருவதற்கும் தொடர்பில்லை. அந்தக் குறி ரவுட்டர் வரைக்குமான சிக்னலை மட்டுமே காட்டுகிறது. ஆகவே எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன், அறுந்திருப்பது எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கைபேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். வைஃபை வழியே இணையம் வராதபோது பல கைபேசிகள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடுவதால், சோதனை முடிவுகள் நம்மை ஏமாற்றும். பிறகு வீட்டிலுள்ள வேறொரு கருவியில் இணையம் வருகிறதா என்று பாருங்கள். ஒரு கருவியில் மட்டும் வரவில்லையென்றால் ரவுட்டரைத் தொட வேண்டிய தேவையே இல்லை. எல்லாவற்றிலும் வரவில்லையென்றால், ஒரு மடிக்கணினியை லேன் கேபிள் மூலம் ரவுட்டரில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். கேபிளில் இணையம் வந்தால் பழுது வைஃபையில். கேபிளிலும் வராவிட்டால் ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ.

அடுத்ததாக ரவுட்டரின் விளக்குகளைப் பார்க்க வேண்டும். கண்ணாடி இழை இணைப்பில் ‘எல்ஓஎஸ்’ என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தால், நிறுவனத்திலிருந்து வரவேண்டிய ஒளி உங்கள் கருவியை எட்டவில்லை என்று பொருள். அந்நிலையில் நீங்கள் பார்க்கக்கூடியவை இரண்டுதான்: இழை சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா, மேசைக்கோ கதவுக்கோ இடையில் சிக்கிக் கூர்மையாக வளைந்திருக்கிறதா. கழற்றிய இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. அதில் வரும் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதே அதன் ஆபத்து. எல்ஓஎஸ் விளக்கு அணைந்திருந்தும் இணையத்துக்கான விளக்கு மட்டும் எரியவில்லையென்றால், லைன் வந்திருக்கிறது, ஆனால் பயனர் கணக்கின் உள்நுழைவு நடக்கவில்லை என்று ஊகிக்கலாம்.

ரவுட்டரை அணைத்துப் போடுவது எல்லோரும் சொல்லும் மருந்துதான். அது பலமுறை வேலை செய்யவும் செய்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து அரை நிமிடம் பொறுத்துவிட்டுப் போடுங்கள். மோடமும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் மோடத்தை முதலில் போட்டு, அதன் விளக்குகள் நிலைபெற்ற பின் ரவுட்டரைப் போட வேண்டும். பின்புறச் சிறு துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தான் வேறு விஷயம். அதை ஊசியால் சில விநாடி அழுத்தினால் ரவுட்டர் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி, வைஃபை பெயர், கடவுச்சொல் ஆகியவற்றோடு சேவை நிறுவனம் பதித்த பயனர் பெயரும் அழிந்துவிடும். அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்த இணைப்பு அத்தோடு முற்றிலும் நின்றுபோகும். அமைப்புப் பக்கங்களைப் படம் பிடித்து வைத்திராதவர்கள் அந்தப் பொத்தானை நெருங்காமல் இருப்பதே நல்லது.

இணைப்பு முற்றிலும் நிற்காமல் வந்து வந்து போகிறது என்றால், பழுதின் இடத்தைக் காட்டிக்கொடுக்க, ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி அதன் பதில் வர ஆகும் நேரத்தைக் காட்டும் ‘பிங்’ (ping) என்ற கட்டளையைவிட எளிய கருவி இல்லை. வைஃபையில் இணைந்த கணினியில், கட்டளைகளைத் தட்டச்சும் சாளரமான கமாண்ட் பிராம்ப்ட் அல்லது டெர்மினலைத் திறந்து, ping என்று தட்டி அதையடுத்து முகவரியைக் கொடுத்து, முதலில் ரவுட்டரின் முகவரிக்குப் பிங் அனுப்புங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ரவுட்டரின் அடியிலுள்ள ஒட்டுச்சீட்டில் பார்க்கலாம். பதில் சில மில்லிவிநாடிகளில், ஏறத்தாழ ஒரே சீராக வர வேண்டும். அது நூற்றுக்கணக்கில் தாவினாலோ இடையிடையே பதிலே வராவிட்டாலோ சிக்கல் உங்கள் வீட்டுக் காற்றிலேயே இருக்கிறது. ரவுட்டர் வரை சீராக வந்து, 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு அனுப்பும்போது மட்டும் தடுமாறினால் சிக்கல் லைனில். விண்டோஸில் இந்தக் கட்டளை நான்கு முறையோடு நின்றுவிடும் என்பதால், பலமுறை திரும்ப ஓட்டிப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

8.8.8.8 பதில் தருகிறது, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை என்றால், தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவை பழுதாகியிருக்கக்கூடும். ரவுட்டரின் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு ஆண்ட்ராய்டு கைபேசியில் மட்டும் இப்படி நேர்ந்தால், அதிலுள்ள ‘பிரைவேட் டிஎன்எஸ்’ அமைப்பை யாரேனும் மாற்றிவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கணினியின் ஐபி முகவரி, அதாவது வலையமைப்பில் அதற்குரிய எண் முகவரி, 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் அது தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அந்த வைஃபை பெயரை ‘மறந்துவிடு’ என்று நீக்கிவிட்டு மீண்டும் சேர்த்தால் பெரும்பாலும் தீரும்.

காற்றில்தான் சிக்கல் என்று தெரிந்தபின் அலைவரிசையைக் கவனிக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஊடுருவித் தொலைவுக்குச் செல்லும். ஆனால் அண்டை வீட்டு ரவுட்டர்கள், புளூடூத், 2.45 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் மைக்ரோவேவ் அடுப்பு என எல்லாம் நெருக்கியடிக்கும் சந்து அது. அந்த அலைவரிசையின் உட்பிரிவுகளான சேனல்களில் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை 1, 6, 11 ஆகிய மூன்றே. தானியங்கித் தேர்வை விட்டு, இவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றை நீங்களே அமைத்துப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர்களுக்கு அப்பால் சோர்ந்துவிடும். அதன் சில சேனல்களை ராடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால், ராடார் சிக்னலை உணர்ந்ததும் ரவுட்டர் அந்தச் சேனலைவிட்டு விலகிவிடும். காரணமின்றித் திடீரென அறுந்து சற்று நேரத்தில் திரும்பும் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு இதுவும் ஒரு விளக்கம். 36 முதல் 48 வரையிலான சேனல்களுக்கு மாற்றினால் தெரிந்துவிடும். ரவுட்டரை இரும்பு அலமாரிக்குள்ளும் தொலைக்காட்சிக்குப் பின்னும் ஒளித்து வைப்பதை, தடைகளில் அலை சோர்ந்துவிடும் என்ற ஒரு காரணத்துக்காகவாவது கைவிட வேண்டும்.

என் வீட்டில் ஒருமுறை ரவுட்டர் நாளுக்குப் பலமுறை தானாகவே அணைந்து எழுந்தது. சேனல், டிஎன்எஸ், ரவுட்டருக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் என்று இரண்டு வாரம் அலைந்த பிறகுதான் பழைய அடாப்டரைச் சந்தேகித்தேன். புதியது போட்ட அன்றே நின்றுவிட்டது. மாற்று அடாப்டரில் வோல்ட் அளவு அப்படியே இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், முனையின் துருவமும் பொருந்த வேண்டும்.

லைனில்தான் பழுது என்று முடிவானால், சேவை நிறுவனத்தை அழைக்கும் முன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: இணைப்பு அறுந்த நேரங்கள், அப்போது எரிந்த விளக்குகள், கேபிளில் இணைத்துப் பார்த்த பிங் முடிவுகள். “கேபிளிலும் வரவில்லை, ரவுட்டர் வரை பிங் சீராக இருக்கிறது” என்று சொல்லத் தொடங்கினால், அணைத்துப் போடச் சொல்லும் கட்டத்தைக் கடந்து, லைனைப் பார்க்க ஆள் அனுப்பும் பேச்சு விரைவில் வந்துவிடும்.