லடாக்கின் சுமதாங் வெந்நீர் ஊற்றில் ஓர் இரவு தங்குவது எப்படி?

லடாக் போகிறவர்களில் பலருக்கு சுமதாங் என்பது சோ மோரிரி ஏரிக்குப் போகும் வழியில் மேகி சாப்பிட வண்டி நிற்கும் இடம். சிந்து நதிக் கரையில் ஆவி கிளம்புவதைப் பார்த்து நாலு படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். என்னைக் கேட்டால், அங்கே ஒரு ராத்திரி தங்குங்கள் என்பேன். குளியல் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் உயரம்.

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சோ மோரிரி ஏரி 4,500 மீட்டருக்கு மேலே. ஒரே நாளில் இந்த ஆயிரம் மீட்டரை ஏறிப் போய், ஏரிக்கரைக் கூடாரத்தில் தலைவலியோடு விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், ஒவ்வோர் இரவும் தூங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்பது மலையேறுகிறவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. சுமதாங் ஏறக்குறைய 4,000 மீட்டர். இரண்டுக்கும் சரியாக நடுவில் ஒரு படிக்கட்டு மாதிரி அமைந்திருக்கிறது, அதுவும் வெந்நீரோடு. இதை விட்டுவிட்டு ஏன் ஓட வேண்டும்?

முதல் தடவை போகிறவர்களுக்காக, வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை. முதல் பயணத்துக்குக் குளிர்காலம் வேண்டாம். பனியில் வெந்நீர்க் குளியல் என்று இணையத்தில் வரும் படங்கள் ஆசையைக் கிளப்பும். ஆனால் விடுதிகள் பல மூடியிருக்கும், குழாய்த் தண்ணீர் உறைந்துபோகும், அவசரத்துக்கு உதவி கிடைப்பதும் சிரமம்.

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பவே கூடாது. "பாட்டிக்கு மூட்டுவலி, அங்கே குளித்தால் போய்விடுமாம்" என்று வயதானவர்களை இந்த உயரத்துக்கு இழுத்துப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூட்டுவலிக்காக லடாக் கிராமத்து ஜனங்கள் காலங்காலமாக இந்த ஊற்றுகளில் குளிக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் அந்த உயரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பெரியவர்களோடு போகிறவர்கள் நுப்ரா பள்ளத்தாக்கின் பனாமிக் ஊற்றை யோசிக்கலாம். அது லேயைவிடவும் தாழ்வு. என்ன, அங்கே போய்ச்சேர 5,359 மீட்டர் உயரக் கர்துங் லா கணவாயைத் தாண்ட வேண்டும். தாண்டி உடனே இறங்கிவிடுவதால் அங்கே தூங்கும் அளவுக்குச் சிரமம் இல்லை.

படி 2: லேயில் சும்மா இருங்கள்

இந்தப் பயணத்தின் கஷ்டமான பகுதி இதுதான். சென்னையிலிருந்து டெல்லி வழியாக விமானத்தில் வந்து இறங்கியதும் வானம் பளிச்சென்று இருக்கும், மலை கூப்பிடும், கால் பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து சில மணி நேரத்தில் 3,500 மீட்டருக்கு வந்திருக்கிறீர்கள். மூச்சை வேகமாக இழுக்கவும், ரத்தத்தின் தன்மையை மாற்றிக்கொள்ளவும் உடம்புக்கு அவகாசம் வேண்டும். குறைந்தது இரண்டு இரவு லேயில். முதல் நாள் முழுக்கப் படுக்கை, சூப், தண்ணீர். மதுவைத் தொடாதீர்கள். இரண்டாம் நாள் மெதுவாகக் கடைத்தெருவரை நடக்கலாம்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் உயர நோயின் அறிகுறிகள். லேசாக இருந்தால் ஓய்வெடுத்தால் போகும். கூடிக்கொண்டே போனால், அல்லது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், உடனே மருத்துவமனை. அப்புறம் கீழே இறங்குவதுதான் வைத்தியம். உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். லேயில் தலைவலி தீராமல் சுமதாங்குக்குக் கிளம்ப வேண்டாம். ஊற்று எங்கேயும் ஓடிப்போகாது.

படி 3: வண்டி, அனுமதித் தாள், ரொக்கம்

இந்த மூன்றையும் லேயிலேயே முடித்துவிடுங்கள். டாக்சி சங்கத்துக்கென்று கட்டணப் பட்டியல் உண்டு. சுமதாங் என்று தனியாகப் போடாமல், "லே, சுமதாங், ஏரிக்கரை ஊரான கோர்சோக், மறுபடி லே, வழியில் ஓர் இரவு, ஏரியில் ஓர் இரவு" என்று மொத்தமாகப் பேசிக்கொள்வது நல்லது. ஓட்டுநர் ராத்திரி தங்குவதற்கும் சேர்த்துத்தானா என்று முதலிலேயே கேளுங்கள். வெளிமாநில எண் கொண்ட வாடகைக் காரில் ஊர்சுற்றினால் உள்ளூர்ச் சங்கத்தோடு தகராறு வரும், தவிர்த்துவிடுங்கள்.

இந்தியக் குடிமக்களுக்கான அனுமதி விதிகளும் சுற்றுச்சூழல் கட்டணமும் அவ்வப்போது மாறுகின்றன. நீங்கள் தங்கும் விடுதியில் சொன்னால் அன்றைய நடைமுறைப்படி எடுத்துத் தருவார்கள். வாங்கிய தாளை இரண்டு மூன்று பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலேசியா, கனடா என்று வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு விதி வேறு. உள்ளூர்ப் பயண முகவர் மூலம் தனி அனுமதி வாங்க வேண்டும்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான் எடுக்கும். அதுவும் சிந்துப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். ஆகவே ஜிபேயை நம்பிப் போகாமல், தேவைக்கு மேல் கொஞ்சம் ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: மூட்டை கட்டுதல்

லேயில் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர். சென்னையில் ஐப்பசி அடைமழை ஒரே நாளில் கொட்டிவிடுகிற அளவு. காற்றில் ஈரமே இல்லை. உதடு வெடிக்கும், மூக்குக்குள் காயும். வாசலின், கெட்டியான க்ரீம், சன்ஸ்க்ரீன், கறுப்புக் கண்ணாடி அவசியம். தேங்காய் எண்ணெய் உறைந்து கல்லாகிவிடும். கொண்டுபோவதானால் அகல வாய் டப்பாவில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். சூரியன் மலைக்குப் பின்னால் போன மறுநிமிடம் நடுங்கும். கம்பளித் தொப்பி, காதை மூடும் துணி, காற்று புகாத மேல்சட்டை, இரண்டு துண்டு, ரப்பர் செருப்பு, டார்ச், பவர் பேங்க். குளிக்கும்போது போட்டுக்கொள்ள உடம்பை மூடும் பருத்தி உடை ஒன்று தனியாக. குழந்தைகளுக்கு ஒரு செட் கூடுதலாக. பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போங்கள். அங்கே அதன் அருமை தெரியும்.

படி 5: சாலை

லேயிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர், நாலு மணி நேரம். காரு என்கிற ஊர் வந்ததும் பெட்ரோல் டேங்கை நிரப்பச் சொல்லுங்கள். உப்ஷியில் மணாலி சாலை வலப்பக்கம் பிரிந்துவிடும்; நீங்கள் சிந்து நதியை ஒட்டியே நேராகப் போக வேண்டும். இங்கிருந்து பள்ளத்தாக்கு குறுகும், பாறைகள் கருஞ்சிவப்பும் ஊதாவுமாக மாறும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதி ஒட்டிய தையல் கோடு இந்த நதிப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகிறது. பூமிக்குள் சூடு மேலே வருவதும் அதனால்தான். மலையில் உருகும் பனி வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, வேறொரு வெடிப்பு வழியாக வெளியே பீறிடுகிறது. எரிமலை எதுவும் கிடையாது.

கியாரியைத் தாண்டியதும் ராணுவ முகாம்கள் தெரியும். அங்கெல்லாம் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.

படி 6: அறை

"ஹாட் ஸ்பிரிங் ரிசார்ட்" என்று பலகையில் எழுதியிருக்கலாம். ரிசார்ட் என்றதும் மனசில் வரும் எதையும் எதிர்பார்க்காதீர்கள். சாலையோரம் சாப்பாட்டுக் கடை, அதை ஒட்டிச் சில அறைகள், ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வழியாக இழுத்துவிட்ட குளியலறை. அவ்வளவுதான். மின்சாரம் எந்நேரமும் இருக்குமென்று நம்ப வேண்டாம். மெத்தை கெட்டியாக இருக்கும், கம்பளி கனமாக இருக்கும்.

பணம் கொடுப்பதற்கு முன் குளியலறையைப் போய்ப் பாருங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா, தொட்டி கழுவியிருக்கிறதா, பச்சைத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அறையை எடுங்கள். பச்சைத் தண்ணீர் இல்லாத வெந்நீர்க் குளியலறையால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டை வந்ததுமே சொல்லிவிடுவது நல்லது. இந்த உயரத்தில் தண்ணீர் 86, 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பும் அரிசியும் குக்கர் இல்லாமல் வேகாது. துக்பா கிடைத்தால் அதையே வாங்குங்கள். நூடுல்ஸும் காய்கறியும் போட்ட சூடான சூப், குளிருக்கு இதம். சைவம் வேண்டுமென்றால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பேச்சைத் தொடங்க "ஜூலே" போதும்; வணக்கத்துக்கும் நன்றிக்கும் அது ஒன்றே.

படி 7: குளியல்

வந்த உடனே இறங்காதீர்கள். அறையில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தலைவலி ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அப்புறம் போங்கள்.

வெளியே ஆற்றோரத்தில் ஆவி வரும் இடங்கள் பார்ப்பதற்கு மட்டும்தான், இறங்குவதற்கு இல்லை. ஊற்று வாயில் தண்ணீர் கிட்டத்தட்ட கொதிநிலையில் இருக்கிறது. சுற்றிலும் வெள்ளையும் மஞ்சளுமாகப் படிந்திருக்கும் உப்புத் தரை கெட்டியாகத் தோன்றும், ஆனால் அடியில் சேறு கொதித்துக்கொண்டிருக்கலாம். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

குளியலறைக்கு வருவோம். கொலுசு, மெட்டி, அரைஞாண் என்று வெள்ளியில் எது இருந்தாலும் கழற்றி வைத்துவிடுங்கள். தண்ணீரிலுள்ள கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். அழுகிய முட்டை மாதிரி லேசாக வாடை வந்தால் அதுவும் கந்தகம்தான். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்க வேண்டாம். தொட்டியில் சோப்பும் ஷாம்பூவும் வேண்டாம், கழிவு நேராக நதிக்குத்தான் போகிறது.

தொட்டியில் முதலில் பச்சைத் தண்ணீர் பிடித்து, அதில் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விளாவுங்கள். பச்சைத் தண்ணீர் போதவில்லையென்றால் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து அப்படியே விட்டுவைக்க வேண்டியதுதான். அந்தக் குளிரில் சீக்கிரமே ஆறிவிடும். உள்ளங்கையை நம்பாமல் முழங்கையை நனைத்துச் சூடு பாருங்கள். 38 முதல் 40 டிகிரி போதும். ஊரில் மழை நாளில் குளிக்கும் சூட்டைவிடக் குறைவாகவே தோன்றும், பரவாயில்லை.

காலை நனைத்து, இடுப்பு வரை இறங்கி, ஒரு நிமிடம் கழித்து நெஞ்சு வரை. பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். ஏற்கெனவே அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். இரண்டும் சேர்ந்தால் சட்டென எழுந்திருக்கும்போது கண் இருட்டும். எழுந்திருக்கும் முன் தொட்டி விளிம்பில் கொஞ்சம் உட்காருங்கள். கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளாமல் யாரையாவது வெளியே இருக்கச் சொல்லுங்கள்.

தலையை முக்க வேண்டாம், மூக்குக்குள் தண்ணீர் போகக் கூடாது. வெதுவெதுப்பான இயற்கைத் தண்ணீரில் அமீபா போன்ற கிருமிகள் வாழக்கூடும். அரிதுதான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் கூடாது. அதில் போரானும் ஃப்ளோரைடும் அதிகம்.

வெளியே வந்ததும் துடைத்துக்கொண்டு, ஈரம் காயும் முன் க்ரீம் தடவி, தொப்பியும் காலுறையும் போட்டுக்கொண்டு போர்வைக்குள் போய்விடுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். மறுநாள் விடிகாலையில் இன்னொரு குளியல் போடுவது என் சிபாரிசு. அந்நேரம் சாலையில் வண்டி இருக்காது, விடுதியில் தண்ணீருக்குப் போட்டியும் இருக்காது.

படி 8: மறுநாள்

ராத்திரி தூக்கம் கலைந்து கலைந்து வந்தால் பயப்பட வேண்டாம், இந்த உயரத்தில் அது சகஜம். ஆனால் காலையில் தலைவலியோ குமட்டலோ இருந்தால் ஏரிக்குப் போகக் கூடாது. அங்கேயே இன்னொரு நாள் இருங்கள், குறையவில்லையென்றால் லேக்குத் திரும்புங்கள். ஓட்டுநர் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உடம்பு நன்றாக இருந்தால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாஹே பாலம். சோதனைச் சாவடியில் தாளைக் காட்டி வலப்பக்கம் திரும்பினால் சும்தோ, அதன் அருகே புகா பள்ளத்தாக்கு. 1970-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளை போட்டுப் பார்த்த இடம். நிலத்தடிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க 2021-இல் ஓ.என்.ஜி.சி. லடாக் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டதும் இந்த இடத்துக்காகத்தான். சதுப்பில் அங்கங்கே வெந்நீர் குமிழியிடும். வண்டித் தடத்தை விட்டு விலகி நடக்காமல் பாருங்கள். கியாங் என்கிற காட்டுக் கழுதைகள் கண்ணில் படலாம். படம் எடுக்கவேண்டுமென்று வண்டியை விட்டுத் துரத்த வைக்காதீர்கள், அந்த உயரத்தில் ஓடுவது அவற்றுக்கும் வீண் சிரமம். கோர்சோக்குக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்விடலாம்.